செல்போனில் அலறும் அரசு எச்சரிக்கை: மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

2023-ஆம் ஆண்டின் பிற்பாதியில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் மத்திய தொலைத்தொடர்புத் துறையும் சேர்ந்து, நாட்டின் பல பகுதிகளில் செல்போன்களுக்குச் சோதனை எச்சரிக்கைகளை அனுப்பின. தமிழ்நாட்டில் அக்டோபர் மாதத்தில் அந்தச் சோதனை நடந்தது. கடலூர் மாவட்டக் கடலோர ஊர்களில் மழைக்காலத்துக்கு முன்பு நாங்கள் நடத்தும் தன்னார்வலர் பயிற்சிக் கூட்டங்களில், அதுமுதல் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம் எழுகின்றன. சிலர் இதை வரவேற்கிறார்கள், சிலர் பயந்துபோயிருக்கிறார்கள், சிலருக்கு எரிச்சல், வேறு சிலருக்கு அரசு எதைச் செய்தாலும் எழும் சந்தேகம். கேட்டவர்களின் சொற்களை மாற்றாமல் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

திடீர்னு போன் அலறுச்சு, ஸ்கிரீன்ல ஏதோ பெட்டி வந்துச்சு. ஹேக் பண்ணிட்டாங்களா?

இல்லை. அது செல் பிராட்காஸ்ட் என்ற முறையில் வந்த அரசுச் செய்தி. வெள்ளம், புயல், சுனாமி போன்ற ஆபத்து வரும்போது ஒரு குறிப்பிட்ட பகுதியிலுள்ள செல்போன் கோபுரங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் அதை ஒலிபரப்பும். எஸ்.எம்.எஸ். என்பது தபால்காரர் முகவரி பார்த்து வீடு வீடாகக் கடிதம் கொடுப்பதைப் போன்றது. இது தெருமுனையில் தண்டோரா போடுவதைப் போன்றது. காதில் விழும் தூரத்தில் இருப்பவர் எல்லாருக்கும் கேட்கும்.

சோதனையின்போது வந்த செய்தியிலேயே, இது மாதிரிச் செய்தி என்றும், பெறுபவர் எதுவும் செய்யத் தேவையில்லை என்றும் எழுதியிருந்தது. சத்தத்தில் பதறிப்போய்ப் பெட்டியை உடனே மூடிவிட்டவர்கள்தாம் அதிகம். எனவே இனி ஒருமுறை இப்படி வந்தால், முழுவதையும் படித்துவிட்டு மூடுங்கள் என்பதைத்தான் எல்லாக் கூட்டத்திலும் முதலில் சொல்கிறோம்.

என் நம்பர் அவங்களுக்கு எப்படித் தெரியும்? நான் எங்க இருக்கேன்னு பாக்குறாங்களா?

உங்கள் எண் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. இந்த முறையில் கோபுரம் பேசுகிறது, கைபேசி கேட்கிறது, அவ்வளவுதான். உங்கள் கைபேசி எந்தப் பதிலையும் திருப்பி அனுப்புவதில்லை. எத்தனை பேருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது, யார் படித்தார் என்பதுகூட அனுப்பியவருக்கு இதன் வழியாகத் தெரியவராது. தொலைபேசி நிறுவனத்துக்கு உங்கள் இருப்பிடம் தோராயமாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அது செல்போன் வைத்திருப்பதால் நேர்வது, எச்சரிக்கையால் நேர்வதல்ல.

அரசின் கண்காணிப்பைப் பற்றிக் கேள்வி கேட்பதில் தவறில்லை என்றே கருதுகிறேன். அதை எழுப்ப வேண்டிய இடங்கள் வேறு பல உண்டு. தனிமனிதரின் விவரம் எதையும் வாங்காத இந்த ஒரு முறையின்மேல் அந்தச் சந்தேகத்தை ஏற்றிவிட்டால், உயிரைக் காக்க வந்ததை நாமே தள்ளிவிட்டவர்கள் ஆவோம்.

ரீசார்ஜ் முடிஞ்சு போச்சுன்னா வருமா? நெட் ஆன்ல இருக்கணுமா?

கட்டணம் எதுவும் இல்லை. இணையம் தேவையில்லை. கோபுரத்தின் அலைவரிசை கைபேசிக்குக் கிடைத்தால் போதும். புயல் நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் உறவினர்களை அழைத்து இணைப்பு திணறும்போதும், ஒலிபரப்பு தனி வழியில் செல்வதால் இந்தச் செய்தி வந்துசேரும் வாய்ப்பு மிக அதிகம். கைபேசியை அணைத்து வைத்திருந்தாலோ விமானப் பயண நிலையில் வைத்திருந்தாலோ வராது.

பக்கத்துல உக்காந்திருந்தவருக்கு வந்துச்சு, எனக்கு வரலை. நாங்க என்ன மட்டமா?

இந்தக் கேள்வியைக் கோபமாகவே கேட்கிறார்கள், அந்தக் கோபம் நியாயமானது. காரணங்கள் பல. சோதனைகள் நிறுவனவாரியாகவும் பகுதிவாரியாகவும் வெவ்வேறு நாட்களில் நடந்தன. சில பழைய கைபேசிகள் இந்த முறையை ஏற்பதில்லை. சோதனைச் செய்திகளுக்கெனத் தனி விசை பல கைபேசிகளில் இருக்கிறது. அது அணைந்திருந்தால் சோதனை வராது, உண்மையான எச்சரிக்கை வரும். ஆண்ட்ராய்டு கைபேசியில் செட்டிங்ஸ் பகுதிக்குள் பாதுகாப்பு, அவசரநிலை என்ற பிரிவில் இந்த விசைகளைப் பார்க்கலாம்.

பிரிட்டனில் 2023 ஏப்ரல் 23 அன்று பிற்பகல் 3 மணிக்கு நாடு முழுவதும் நடத்திய சோதனையில், ஒரு பெரிய நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பலருக்குச் செய்தி போகவில்லை. சோதனை என்பதன் பயனே இத்தகைய ஓட்டைகள் வெளியே தெரிவதுதான். ஆகவே வராதவர்கள் அதைச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்பது கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

ஒரே செய்தி ரெண்டு மூணு தடவை வந்து தொல்லை பண்ணுச்சே?

மொழிக்கு ஒன்றாகச் செய்தி வரலாம். நீங்கள் பயணத்தில் இருந்தால் வேறு கோபுரத்தின் எல்லைக்குள் நுழைந்ததும் மீண்டும் வரலாம். குறிப்பிட்ட நேரத்துக்குள் அந்தப் பகுதிக்கு வந்துசேர்பவரையும் எச்சரிக்கத்தான் கோபுரம் அதைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்புகிறது.

எங்கம்மா வச்சிருக்கிறது பட்டன் போன். அதுல இங்கிலீஷ்ல வந்தா அவங்களுக்கு என்ன புரியும்?

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் கேள்வி இது. தொடக்கச் சோதனைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே பரவலாக வந்தன. எங்கள் ஊர் மீன் இறங்குதளத்தில் கூடை வைத்திருந்த ஓர் அம்மா, அலறிய பட்டன் போனை என்னிடம் நீட்டி, "யாராவது செத்துட்டாங்களா பாரு தம்பி" என்று கேட்டார். திரையில் ஒரு சமயத்தில் நான்கு வரிதான் தெரிந்தது; மீதியைப் படிக்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்தச் செய்தி சுனாமிக்கானதாக இருந்திருந்தால், அவருக்கு அந்தச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கிடைத்திருக்காது.

2023 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, இனி விற்கும் ஸ்மார்ட்போனும் சரி, சாதாரணப் போனும் சரி, இந்த எச்சரிக்கையை ஏற்பதாகவும் ஆங்கிலம், இந்தியுடன் வட்டார மொழிகளையும் காட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். விதி நல்லது; ஆனால் அந்த அம்மாவின் கையில் இருப்பது விதி வருவதற்கு முன்பு வாங்கிய போன். தொழில்நுட்பத்திலும் ஒரு நெருக்கடி உண்டு. இந்த முறையில் ஒரு செய்திக்கு அதிகபட்சம் ஆங்கிலத்தில் 1,395 எழுத்துகள் இடமுண்டு. தமிழ்க் குறியீடுகளுக்குக் கூடுதல் இடம் தேவைப்படுவதால் 615 அளவில் நின்றுவிடும், அதிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியே கணக்கில் சேரும். எனவே ஆங்கிலச் செய்தியை வரிக்கு வரி மொழிபெயர்த்து அனுப்பினால் சரிவராது. எந்த ஊர், என்ன ஆபத்து, எத்தனை மணிக்குள், எங்கே போக வேண்டும் என்பதைத் தமிழிலேயே யோசித்துச் சுருக்கமாக எழுதி, மழைக்காலத்துக்கு முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு பயங்கரமான சத்தம்? இதய நோயாளி யாராவது பயந்து போயிட்டா?

தூங்குபவரை எழுப்ப வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சத்தம். பெருவெள்ளங்கள் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வருவதை நாம் பார்த்திருக்கிறோம். வழக்கமான அழைப்பு மணியைப் போல் இருந்தால் யாரும் எழமாட்டார்கள். ஆனாலும் முதியவர்கள், கைக்குழந்தைகள் இருக்கும் வீடுகளில் அது உண்மையிலேயே அதிர்ச்சிதான். சோதனையின் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே செய்தித்தாள், ரேஷன் கடை, கோயில், பள்ளிவாசல், தேவாலய அறிவிப்பு என எல்லா வழியிலும் சொல்லிவிட்டால் அந்த அதிர்ச்சி பெரிதும் குறையும். வண்டி ஓட்டும்போது வந்தால், ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

எனக்கு இது வேண்டாம். எப்படி ஆஃப் பண்றது?

நான்காம் கேள்விக்கான பதிலில் சொன்ன அதே இடத்தில்தான் விசைகள் இருக்கும். ஐபோனில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியின் அடியில் இருக்கும். எல்லா நாட்டிலும் எல்லா வகையையும் அணைக்க முடியாது. உதாரணமாக, அமெரிக்காவில் தேசிய அளவிலான உச்ச எச்சரிக்கையைப் பயனர் தடுக்க வழியில்லை. சோதனைச் செய்திகளை வேண்டுமானால் அணைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை அணைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஒரே ஒரு விதிவிலக்கை நான் மனதார ஏற்கிறேன். வீட்டில் வன்முறைக்கு ஆளாகி, தப்பிப்பதற்காக ஒரு கைபேசியை மறைத்து வைத்திருக்கும் பெண்களுக்கு, அந்தச் சத்தமே ஆபத்தாகிவிடும். பிரிட்டன் சோதனைக்கு முன்பு அங்குள்ள பெண்கள் பாதுகாப்பு அமைப்புகள் இதை வெளிப்படையாக எடுத்துச் சொல்லி, எச்சரிக்கையை அணைக்கும் முறையைப் பரப்பின. நம் ஊரிலும் இப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். தன்னார்வலர்கள் இந்தத் தகவலைக் கூட்டத்தில் மைக் வைத்துச் சொல்லாமல், தேவைப்படுபவரிடம் தனியே சொல்ல வேண்டும்.

வாட்ஸ்ஆப்புல தினமும் ரெட் அலர்ட் வருது. எது நிஜம், எது பொய்?

செல் பிராட்காஸ்ட் எச்சரிக்கை திரையின்மேல் தனிப் பெட்டியாக, தனிச் சத்தத்தோடு வரும். ஓ.டி.பி. கேட்காது, பணம் கேட்காது, பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லாது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் கூகுள் அனுப்பும் நிலநடுக்க எச்சரிக்கை வேறு ஒன்று. அது இந்தியாவில் 2023 செப்டம்பரில் தொடங்கியது, கைபேசிகளின் உணர்விகளைக் கொண்டே இயங்குவது. வாட்ஸ்ஆப்பில் வருபவற்றில் பாதி, பழைய புயலின் படங்கள்.

போலியாக யாரும் அனுப்பவே முடியாதா என்றால், முடியாது என்று சொல்லமாட்டேன். 2019-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், போலிக் கோபுரக் கருவி கொண்டு ஓரிடத்தில் இத்தகைய எச்சரிக்கையைப் பொய்யாக உருவாக்க முடியும் என்று காட்டினார்கள். ஆகவே செய்தி கிடைத்ததும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலோ, மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலோ அழைத்து உறுதிசெய்யலாம். சுனாமி எச்சரிக்கை என்றால் மட்டும், முதலில் கரையை விட்டு மேட்டுக்குப் போய்விட்டு, பிறகு அழையுங்கள்.

இதை யாருதான் முடிவு பண்ணி அனுப்புறாங்க? கலெக்டரா, டெல்லியா?

இரண்டும் சேர்ந்த ஏற்பாடு இது. மழை, புயலை இந்திய வானிலை ஆய்வுத் துறையும், ஆற்று வெள்ளத்தை மத்திய நீர் ஆணையமும், சுனாமி, கடல் கொந்தளிப்பை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையமும் கணித்துச் சொல்கின்றன. மத்திய அரசின் சி-டாட் நிறுவனம் உருவாக்கிய சசேத் என்ற பொதுத் தளத்தில் அவை சேர்கின்றன. எந்தப் பகுதிக்கு, எந்தச் சொற்களில் அனுப்புவது என்பதில் மாநிலப் பேரிடர் மேலாண்மை அமைப்புக்குப் பங்கு உண்டு. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தாமதித்தாலும் கடைசியில் நம் கைக்கு வருவது தாமதமாகும்.

சும்மா சும்மா அனுப்பினா யாரு மதிப்பாங்க? லேசா தூறினாக்கூட அலர்ட் வந்தா?

மிகச் சரியான கவலை. 2024 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஒரு சிற்றூரில் காவல் அதிகாரி சுடப்பட்டதற்காக, அதிகாலை 5 மணிக்கு முன்னதாக மாநிலம் முழுவதற்கும் எச்சரிக்கை போனது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. எச்சரிக்கையை அணைத்துவிட்டதாக வெளிப்படையாக அறிவித்தவர்களும் பலர். அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று அதே மாநிலத்தின் குவாடலூப் ஆற்றில் இரவோடு இரவாக வெள்ளம் வந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேசிய வானிலை சேவையின் எச்சரிக்கை இரவு 1.14 மணிக்கே வெளியானது. அவர்களில் யார் அணைத்து வைத்திருந்தார், யாருக்குச் சிக்னல் இல்லை, யார் எழவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் தேவையற்ற ஓர் எச்சரிக்கையின் விலையை யோசிக்கும்போது, இந்த இரண்டு தேதிகளையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மஞ்சள் எச்சரிக்கைக்கு எஸ்.எம்.எஸ். போதும், நாளிதழ் போதும். உயிருக்கு ஆபத்து உள்ளபோது, ஆபத்து உள்ள வட்டாரத்துக்கு மட்டும் அலற வேண்டும். இதில் அனுப்புபவர் காட்டும் கட்டுப்பாடுதான், நாளைக்கு மக்கள் அந்தச் சத்தத்துக்கு எழுவார்களா என்பதைத் தீர்மானிக்கும்.

தப்பான அலர்ட் வந்து ஊரே ஓடி, நெரிசல்ல யாராவது செத்தா யாரு பொறுப்பு?

ஹவாய்த் தீவுகளில் 2018 ஜனவரி 13 காலை 8.07 மணிக்கு, ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, இது ஒத்திகை அல்ல என்று எல்லாருடைய கைபேசியிலும் செய்தி வந்தது. ஒத்திகையின்போது ஓர் ஊழியர் அனுப்பிவிட்ட தவறு அது. தவறு என்ற மறுப்புச் செய்தி கைபேசிக்கு வர 38 நிமிடங்கள் ஆயின. அதுவரை பெற்றோர் பிள்ளைகளைக் குளியல் தொட்டிகளில் படுக்கவைத்துக் காத்திருந்தார்கள். அனுப்ப ஒருவரே போதும் என்ற ஏற்பாடும், மறுப்புக்கு முன்தயாரிப்பு இல்லாததும்தான் அங்கே மக்கள் கோபத்துக்குக் காரணம்.

தென்கொரியத் தலைநகர் சியோலில் 2023 மே 31 காலை 6.41 மணிக்கு, வெளியேறத் தயாராகுங்கள் என்று செய்தி வந்தது. வடகொரியா ஏதோ ஏவியிருந்தது. ஆனால் ஏன் வெளியேற வேண்டும், எங்கே போக வேண்டும் என்று அந்தச் செய்தியில் இல்லை. 7.03 மணிக்கு, அது தவறாக அனுப்பப்பட்டது என்று உள்துறை அமைச்சகம் திருத்தியது. மேயர் மன்னிப்புக் கேட்டார். பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: அனுப்பும் அமைப்பு முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். அனுப்புவதற்கு இருவர் ஒப்புதல், மறுப்புச் செய்தி ஒரே அழுத்தலில் போகும்படி தயார்நிலை, நடந்ததை மறைக்காத விளக்க அறிக்கை ஆகிய மூன்றையும் நாம் கேட்டுப் பெற வேண்டும்.

தண்ணி கழுத்துக்கு வந்தப்புறம் அலர்ட் வந்து என்ன பிரயோஜனம்?

எந்தப் பிரயோஜனமும் இல்லை. ஸ்பெயினின் வலென்சியாவில் 2024 அக்டோபர் 29 அன்று காலையிலேயே வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தது. கைபேசிகளுக்கு எச்சரிக்கை போனது இரவு 8.11 மணிக்கு. அதற்குள் பல ஊர்களில் வெள்ளம் புகுந்து மக்கள் இறந்துகொண்டிருந்தார்கள். அந்த மாகாணத்தில் மட்டும் 220-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மக்கள் பல மாதங்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், நீதிமன்ற விசாரணை தொடங்கியது. வட்டார அரசின் தலைவர் கார்லோஸ் மசோன் 2025 நவம்பரில் பதவி விலகுவதாக அறிவித்தார். கருவி இருந்தது, கணிப்பு இருந்தது, அனுப்பும் முடிவு மட்டும் நேரத்துக்கு வரவில்லை.

நம் பக்கத்திலும் இதே மனக்குறை உண்டு. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்கள் மூழ்கின. முன்னறிவிப்பின்றித் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. எச்சரிக்கை விடப்பட்டது என்பதும், படுத்திருந்தவர் காதுக்கு அது வந்து சேர்ந்தது என்பதும் வேறு வேறு. அணைத் திறப்புக்குத்தான் செல் பிராட்காஸ்ட் மிகப் பொருத்தமானது, ஏனெனில் எந்த ஆறு, எந்தக் கரை, எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதெல்லாம் பொறியாளர்களுக்கு முன்பே தெரியும்.

கடலுக்குப் போயிருக்கும்போது வருமா?

கரையிலிருந்து கோபுரத்தின் எல்லை தாண்டியதும் வராது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் உருவானபோது, கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் நாட்கணக்கில் ஆழ்கடலில் இருந்தார்கள். அவர்களை எட்டும் வழி எதுவும் இல்லை. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி தரும் கருவிகளின் தேவை உரக்கப் பேசப்பட்டது. விசைப்படகில் டிரான்ஸ்பாண்டர் என்ற அத்தகைய கருவி இருந்தால் அதை அணைக்காமல் வைத்திருங்கள். செல்போனை மட்டும் நம்பி ஆழ்கடலுக்குப் போகக் கூடாது.

புயல்ல டவரே சாஞ்சுட்டா? அப்போ மைக்கும் தண்டோராவும் வேண்டாம்னு ஆயிடுமா?

டவர் விழுந்தால் இந்த முறை ஊமையாகிவிடும். ஆகவே எச்சரிக்கை புயலுக்கு முன்பே வர வேண்டும். மற்ற வழிகளும் உடன் இயங்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் அதிர்ந்ததற்கும் நம் கரையை அலை தாக்கியதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அப்போது இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு கிடையாது. அந்த இரண்டு மணி நேரமும் வீணாய்ப் போனது. இன்று கணிக்கும் மையம் இருக்கிறது, கைபேசி இருக்கிறது. ஆனாலும் கைபேசி இல்லாதவர், காது கேளாதவர், சார்ஜ் தீர்ந்தவர் ஆகியோருக்காகத் தெருவில் இறங்கிக் கதவைத் தட்டும் ஆள் வேண்டும். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு இதை வைக்கலாம் என்று எந்த அதிகாரி சொன்னாலும், கடலோர மக்கள் அதை ஏற்கக் கூடாது.

தேர்தல் நேரத்துல ஆளுங்கட்சி இதுல விளம்பரம் போட்டா?

அதற்கு முன்பே சட்டத்தால் அணை போட வேண்டும். அமெரிக்காவில் 2018-இல் முதல் தேசியச் சோதனைக்கு முன்பு, விருப்பமில்லாதவரையும் கேட்கவைப்பது உரிமை மீறல் என்று நியூயார்க் நகரத்தினர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றம் சோதனையைத் தடுக்கவில்லை. எனினும் அங்கு 2016-இல் வந்த சட்டம், இயற்கைப் பேரிடர், பயங்கரவாதம், பொதுப் பாதுகாப்புக்கான அச்சுறுத்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே இந்த அமைப்பைப் பயன்படுத்தலாம் என்று வரையறுத்திருக்கிறது. இங்கும் அப்படியொரு வெளிப்படையான வரையறை வேண்டும். திட்ட அறிவிப்பு, வாழ்த்து, சாதனைப் பட்டியல் எதுவும் இந்த வழியில் ஒருமுறைகூட வரக் கூடாது. வந்தால், முன்பு சொன்ன டெக்சஸ் மக்களைப் போல் நம் மக்களும் விசையை அணைத்துவிடுவார்கள்.

நாங்க சொன்னா கேப்பாங்களா? எங்க போய்ச் சொல்றது?

அடுத்த சோதனை வரும்போது நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது அல்லது வரவில்லை, எந்த நிறுவனத்தின் சிம், என்ன போன், எந்த மொழியில் வந்தது. உங்கள் தெருவில் பத்து வீட்டுக்கு இதைச் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சபையிலும் தீர்மானமாக நிறைவேற்றலாம். மழைக்காலத்தில் கட்டுப்பாட்டு அறை எண்களில் இந்தக் குறைகளைச் சொல்லி இணைப்பை அடைக்க வேண்டாம். அவை அப்போது வெள்ளத்தில் நிற்பவர்களுக்குத் தேவைப்படும்.